நேர்காணல் நடத்தியவர் அந்நாட்டு அதிகாரி அல்லர் என்றால், முறைப்பாட்டைக் கேட்பது யார்?

வாசகர் கேள்வி:

என் அக்காவின் மகன் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடொன்றில் புகலிடம் கோரியிருக்கிறான். ஆறு வாரங்களுக்கு முன் நேர்காணல் நடந்தது. கேள்வி கேட்டவர், தாம் அந்நாட்டு அரச ஊழியர் அல்லர், உதவிக்காக வந்திருக்கும் நிபுணர் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். இலங்கையில் தடுப்புக்காவலில் நடந்தவற்றை இவன் சொல்ல முற்பட்டபோது, நேரமில்லை என்று இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் தமிழகத்தவர். ‘நாலாம் மாடிக்குக் கொண்டு போனவை’ என்று இவன் சொன்னதை ஏதோ கட்டடத்தின் நான்காவது தளம் என்று அவர் பெயர்த்ததை, ஓரளவு ஆங்கிலம் தெரிந்த இவன் கவனித்திருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் கோரிக்கை பாதிக்கப்படுமா? தங்கள் ஆட்களைப் பற்றிய முறைப்பாட்டைத் தாங்களே விசாரிக்கும் அமைப்பை நம்பலாமா?

ஆலோசனை:

அன்புள்ள சகோதரிக்கு,

நாட்டின் பெயரையும் பெறாமகனின் பெயரையும் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறீர்கள்; அதுவே சரி. புகலிடக் கோரிக்கையின் விவரங்கள் பொதுவெளியில் வருவது அவருக்கும் ஊரில் இருக்கும் உறவினருக்கும் ஆபத்தாக முடியலாம்.

முதலில் அறிய வேண்டியது, அந்த ‘உதவி நிபுணர்’ யாருடைய சார்பில் அமர்ந்திருந்தார் என்பதாகும். நாடுகள் தற்காலிக ஊழியர்களை ஒப்பந்தத்தில் எடுப்பதுண்டு. அவ்வாறாயின் அவர் அந்நாட்டுப் புகலிட அலுவலகத்தின் ஆளாகவே கருதப்படுவார், முறைப்பாடும் அங்கேதான் போகவேண்டும். மால்ட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியப் புகலிட முகவரகம் அனுப்பிய உதவிக் குழுவைச் சேர்ந்தவராயின், நிலைமை வேறு. நேர்காணல் பதிவேட்டின் முதற் பக்கத்தில் பெரும்பாலும் இவ்விவரம் பெயராகவோ இலக்கமாகவோ இருக்கும். இல்லையெனில் சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது நிலைமைக்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுவதால், அதைக் கொண்டே பதில் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வி ஐரோப்பாவில் பல ஆண்டுகள் விடையின்றிக் கிடந்த கேள்வி. இந்த முகவரகத்தின் முன்னோடியான ஐரோப்பியப் புகலிட உதவி அலுவலகம் 2010-ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டபோது, தனிமனிதரின் கோரிக்கையில் முடிவெடுப்பதில் அதற்கு எவ்வித அதிகாரமும் இல்லை என்று அச்சட்டமே வரையறுத்தது. ஆனால் 2016-இல் துருக்கியுடன் உடன்பாடு எட்டப்பட்டு, லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ் முதலான கிரேக்கத் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த நிலையில், அந்த அலுவலகத்தின் நிபுணர்களே நேர்காணல் நடத்த கிரேக்கச் சட்டம் இடமளித்தது. கேள்வி கேட்டவரும் கருத்துரை எழுதியவரும் ஒன்றியத்து நிபுணர். கையொப்பமிட்டவர் கிரேக்க அதிகாரி. நேர்காணலில் பிழை நேர்ந்தால், முடிவு எங்களுடையதன்று என்று ஒரு தரப்பும், நேர்காணல் எங்களுடையதன்று என்று மறு தரப்பும் சொல்லிவிடக்கூடிய ஓர் இடைவெளி அங்கே உருவாயிற்று.

பெர்லினில் இயங்கும் மனித உரிமைச் சட்ட அமைப்பொன்று இதை 2017-இல், ஒன்றிய நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஐரோப்பியக் குறைகேள் அதிகாரியிடம் கொண்டு சென்றது. நேர்காணல்களின் தரம் பற்றியும் அந்த அலுவலகத்தின் ஈடுபாட்டின் அளவு பற்றியும் எழுப்பப்பட்ட கவலைகள் மெய்யானவை என்று 2018-இல் அவர் ஏற்றுக்கொண்டார். எனினும் இறுதிப் பொறுப்பு கிரேக்க அதிகாரிகளுடையது என்பதால் மேலும் விசாரிக்காமல் கோவையை மூடினார். அடுத்த ஆண்டு வேறொரு முறைப்பாட்டில், நேர்காணல் ஒன்றில் நிகழ்ந்த கடுமையான பிழைகளை அந்த அலுவலகம் உரிய காலத்தில் சரிவரக் கையாளத் தவறியது சீர்கெட்ட நிர்வாகமே என்று முடிவு செய்தார். முடிவு வேறொருவருடையது என்பதால் தன் நிபுணரின் நடத்தைக்குப் பொறுப்பில்லை என்று அந்த அலுவலகம் விலகிக்கொள்ள முடியாது என்பதே இந்த இரண்டாவது முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள். 2021-ஆம் ஆண்டின் 2303-ஆம் இலக்க ஒழுங்குவிதி 2022 ஜனவரி 19 அன்று நடைமுறைக்கு வந்து, அலுவலகம் முகவரகமாக மாறியபோது, அடிப்படை உரிமைகள் அலுவலர் என்ற பதவியும், ஆலோசனை மன்றமும், முறைப்பாட்டுப் பொறிமுறையும் சட்டத்திலேயே இடம்பெற்றன. அந்தப் பதவிக்கு முதல் ஆள் வந்து சேர்ந்தது 2023-இல் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது, கோரிக்கை மீதான முடிவும் நேர்காணல் நடத்தியவரின் நடத்தையும் இரு வேறு பாதைகளில் போகின்றன என்பதுதான். முகவரகத்திடம் கொடுக்கும் முறைப்பாடு முடிவை நிறுத்தாது, மாற்றாது, மேன்முறையீட்டுக்கான நாட்கணக்கையும் தள்ளிப்போடாது. முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிட்டவர்களை நான் என் பணியில் கண்டிருக்கிறேன். பிறகு அவர்களுக்குச் செய்து கொடுக்க அதிகம் எதுவும் இருந்ததில்லை. 2024-இல் ஏற்கப்பட்டு 2026 ஜூன் 12 முதல் நடைமுறைக்கென வகுக்கப்பட்ட புதிய புகலிட நடைமுறை ஒழுங்குவிதி, விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்டவர் போன்றோருக்கு ஐந்து முதல் பத்து நாட்களையும், ஏனையோருக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்தையும் எல்லைகளாக வைத்து, அவற்றுக்குள் மேன்முறையீட்டுக் காலத்தைத் தீர்மானிக்க நாடுகளுக்கு விட்டிருக்கிறது. எந்தக் காலக்கெடு உங்கள் பெறாமகனுக்குப் பொருந்தும் என்பதை, முடிவு வருமுன்னரே சட்டத்தரணியிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

முடிவு இன்னும் வராதது உங்களுக்குச் சாதகம். நேர்காணலின் விரிவான அறிக்கையையோ சொல்லுக்குச் சொல்லான பதிவையோ பார்த்து, பிழைபெயர்ப்புகளையும் தவறான விளக்கங்களையும் சுட்டித் திருத்தம் சொல்லும் வாய்ப்பு விண்ணப்பதாரருக்கு உண்டு என்று ஒன்றியச் சட்டம் சொல்கிறது. ‘நாலாம் மாடி’ விடயம் இதற்கே உரியது. நம்மவருக்கு அது கொழும்பில் விசாரணைக்காகத் தடுத்து வைக்கப்படும் இடத்தின் பெயர். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஏன் வீட்டார் நடுங்குவர் என்பதை நமக்குள் விளக்கத் தேவையில்லை. ஒரு கட்டடத்தின் நான்காவது தளம் என்று அது பதிவாகிவிட்டால், முடிவெடுப்பவரின் கண்ணுக்குச் சித்திரவதை பற்றிய சாட்சியம் ஏதோ அலுவலகத்துக்குப் போய்வந்த கதையாகிவிடும். போராடிய ஆயுத அமைப்பைக் குறிக்கும் ‘இயக்கம்’ என்பதும் இப்படியே. அதன் போராளிகளைக் குறிக்கும் ‘பொடியள்’ என்பதும் இப்படியே. சிறையில் அடைத்தார்கள் என்ற பொருளில் வரும் ‘உள்ளுக்குப் போட்டவங்கள்’ என்பதும் சொல்லளவில் பெயர்த்தால் ஒன்றுமில்லாததாகிவிடும். தமிழகத்து மொழிபெயர்ப்பாளர் மீது இதில் குற்றமில்லை. அவர் வளர்ந்த தமிழில் அச்சொற்களுக்கு அப்பொருள் இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்து, விளங்காத இடத்தில் மறுபடி கேட்கவேண்டிய கடமை நேர்காணல் நடத்துபவருடையது.

ஆகவே இந்த வாரமே செய்யவேண்டியது இது: பதிவேட்டின் பிரதியைப் பெறுங்கள், ஒலிப்பதிவு செய்திருந்தால் அதைக் கேட்க அனுமதி கோருங்கள். பெறாமகன் ஈழத்து வழக்கு நன்கு தெரிந்த ஒருவருடன் அமர்ந்து, எந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்குத் தாம் என்ன சொன்னார், பதிவில் என்ன இருக்கிறது, சரியான பொருள் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதட்டும். தடுப்பு பற்றிச் சொல்லவிடாமல் நிறுத்திய இரண்டு இடங்களையும் குறிப்பிட்டு, அங்கே சொல்ல இருந்ததை முழுமையாக எழுதி, தேவையானால் மேலதிக நேர்காணலையும் கேட்டு, சட்டத்தரணி அதை முடிவெடுக்கும் அதிகாரிக்குச் சமர்ப்பிக்கட்டும். உடலில் தழும்புகள் இருந்தால் மருத்துவ அறிக்கை பெறுவதையும் இப்போதே தொடங்குங்கள். இந்தத் திருத்தக் குறிப்பு வழக்குக் கோவைக்குள் போகும் காகிதம். நடத்தை பற்றிய முறைப்பாடு அப்படியன்று. உங்களிடம் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்குமானால், இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அடுத்து முறைப்பாடு. முகவரகத்தை நிறுவிய 2021-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியின் 51-ஆம் உறுப்புரையின்படி, உதவிக் குழுவில் பங்கேற்கும் நிபுணரின் செயலால் நேரடியாகப் பாதிக்கப்பட்டு, அதனால் தம் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதும் எவரும், அல்லது அவருடைய பிரதிநிதியும், முகவரகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று வகை முறைப்பாடுகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தள்ளப்படுகின்றன. பெயரில்லாமல் வருபவை ஏற்கப்படமாட்டா. குறிப்பான மீறல் எதையும் காட்டாமல், நடத்தியவர் கடுமையாக இருந்தார் என்ற அளவில் நிற்பவையும் நிலைக்கமாட்டா. ஒரு நாடு தனிப்பட்ட கோரிக்கை மீது எடுத்த முடிவை எதிர்ப்பவை அடிப்படை உரிமைகள் அலுவலரின் அதிகாரத்துக்கே வெளியே உள்ளவை. ‘என் கோரிக்கையை நிராகரிக்கப் போகிறார்கள்’ என்று ஒரு வரி எழுதினாலும் முழு முறைப்பாடும் அந்த வகையில் தள்ளப்படும் அபாயம் உண்டு என்பதால், அத்தகைய வரிகளை அறவே தவிர்க்கச் சொல்வது என் வழக்கம்.

எதை எழுதுவது? நேர்காணல் நடந்த நாள், இடம், கோவை இலக்கம், நடத்தியவரின் பெயர் அல்லது இலக்கம். நிறுத்தப்பட்ட இரண்டு தடவையும் எந்தக் கேள்விக்குப் பின் நடந்தன. அப்போது சொல்லப்பட்ட சொற்கள் நினைவிருந்தால் அவை. இவற்றைப் பெறாமகனே நினைவு மங்குவதற்குள் எழுதி, திகதியிட்டு வைக்கட்டும். பிறகு அச்செயல் எந்த உரிமையைத் தொட்டது என்று காட்டுங்கள். 2009 டிசம்பர் முதல் சட்டவலுப் பெற்றுள்ள ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தின் 18-ஆம் உறுப்புரை புகலிட உரிமையையும், 19-ஆம் உறுப்புரை மரணதண்டனை, சித்திரவதை முதலியவற்றின் மெய்யான ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமையையும், 41-ஆம் உறுப்புரை நல்ல நிர்வாகத்துக்கான உரிமையையும் சொல்கின்றன. சித்திரவதை பற்றிச் சொல்லவிடாமல் நிறுத்துவது, வெறும் மரியாதைக் குறைவாக நின்றுவிடாமல், பாதுகாப்புக்கான அடிப்படை உண்மைகளைக் கேட்கத் தவறிய செயலாகிறது என்ற கோணத்தில் எழுதினால், அது குறிப்பான உரிமை மீறல் என்ற வரையறைக்குள் நிற்கும்.

மொழிபெயர்ப்பு பற்றி எழுதும்போது கவனம் தேவை. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வருகிறார்கள். அவர்களைக் குழுவின் நிபுணர் என்ற சொல்லுக்குள் அடக்கலாமா என்று வாதம் எழக்கூடும். அதனால் மொழிபெயர்ப்பாளரை முறைப்பாட்டின் மையமாக்காமல், மொழிச் சிக்கல் தெரிந்த பின்னரும் நிபுணர் அதைத் தீர்க்காமல் தொடர்ந்தார் என்பதை மையமாக வையுங்கள். பெறாமகன் அந்த நேரத்திலேயே ஆட்சேபித்திருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆட்சேபிக்கவில்லையென்றால் ஆட்சேபித்ததாக எழுதிவிடாதீர்கள். ஒலிப்பதிவு இருக்கக்கூடும், ஒரு பொய் வரி முழுக் கோரிக்கையின் நம்பகத்தையும் குலைத்துவிடும்.

முறைப்பாடு கிடைத்ததும், அதை ஏற்கலாமா என்று ஆராய்வதும் பதிவு செய்வதும் அடிப்படை உரிமைகள் அலுவலரின் வேலை. ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்கவேண்டும். ஏற்றால், நிபுணர் முகவரகத்தின் ஊழியராயின் கோவை நிறைவேற்றுப் பணிப்பாளரிடம் போகும். தக்க நடவடிக்கையை, ஒழுங்கு நடவடிக்கை உட்பட, அலுவலர் பரிந்துரைக்கலாம். வேறோர் உறுப்பு நாடு அனுப்பிய நிபுணராயின், அவருடைய சொந்த நாடு விசாரித்து, கண்டதையும் செய்ததையும் அலுவலருக்கு அறிவிக்கவேண்டும்.

நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மதிப்பீட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கண்காணிப்பாளரின் சுதந்திரத்தை அளக்க நான் பார்ப்பவை: அவரை நியமிப்பது யார், அவர் யாருக்கு அறிக்கை தருகிறார், கோவைகளையும் இடங்களையும் தாமே பார்க்க முடியுமா, அவர் கண்டதை மற்றவர் ஒதுக்கிவிட முடியுமா என்பவை. இந்த அலுவலர் பணிப்பாளருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். முகாமைச் சபைக்கு நேரடியாக அறிக்கை தருபவர். தம் கடமையில் சுதந்திரமானவர் என்று சட்டம் சொல்கிறது. அடிப்படை உரிமைகள் தொடர்பான தகவல் அனைத்தையும் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. செயற்பாட்டுத் திட்டங்களிலும் நடத்தை விதிக்கோவையிலும் அவரிடம் ஆலோசனை கேட்கவேண்டும். இவ்வளவும் வெறும் காகித உறுதி என்று நான் கருதவில்லை.

ஆனால் களத்துக்குச் சென்று பார்க்க உறுப்பு நாட்டின் சம்மதம் வேண்டும். ஏற்கப்பட்ட முறைப்பாட்டில் இறுதி நடவடிக்கை எடுப்பவர் அவர் அல்லர். பணிப்பாளரோ அனுப்பிய நாடோதான். அவரை நியமிக்கும் முகாமைச் சபையில் பெரும்பான்மையாக அமர்ந்திருப்போரும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள். கண்காணிக்கப்படும் நிபுணர்களை அனுப்புவோரும் அந்நாடுகளே. எல்லைக் காவல் முகவரகமான ஃப்ரொன்டெக்ஸ் குறைந்தது 40 உரிமைக் கண்காணிப்பாளர்களை வைத்திருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டம் எண்ணிட்டுச் சொல்கிறது. புகலிட முகவரகத்தின் சட்டத்தில் அத்தகைய கள அணி இல்லை. நேர்காணல் என்பது மூடிய அறைக்குள் மூவர் இருந்து நடத்துவது. அங்கே நடந்ததை வெளியிலிருந்து எவரும் காண்பதில்லை. காகிதத்தைப் பார்த்து மட்டும் நடத்தும் கண்காணிப்பு, காகிதத்தில் ஏறாததைக் கண்டுபிடிக்காது. இக்காரணத்தாலும்தான் முன்பு சொன்ன திருத்தக் குறிப்பையும் ஒலிப்பதிவையும் அவ்வளவு வலியுறுத்தினேன். என் எண்ணத்தில் இந்தப் பொறிமுறை பயன்படுத்தத் தக்கது. அதை மட்டுமே நம்பி இருக்கத் தக்கதன்று.

முறையிட்டால் கோரிக்கை பாதிக்கப்படுமா என்ற அச்சத்தை அநேகமாக ஒவ்வொரு குடும்பமும் என்னிடம் சொல்லியிருக்கிறது. முறைப்பாட்டை அலுவலர் இரகசியமாகக் கையாளவேண்டும். மற்றப் பரிகாரங்களை அது பாதிக்காது. அதோடு கோரிக்கையில் முடிவெடுப்பது முகவரகமன்று, அந்நாட்டு அதிகாரி. சட்டத்தின் நிலை இது. நடைமுறையில், விசாரணைக்காக நிபுணரிடம் விளக்கம் கேட்கும்போது, யாருடைய நேர்காணல் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே பெறாமகனுக்கு இனி மேலதிக நேர்காணல் நடந்தால் வேறொருவர் நடத்தவேண்டும் என்று கோரிக்கையை வையுங்கள். சித்திரவதைக்கு உள்ளானவர் என்ற வகையில் விசேட தேவையுள்ளவராக அவரைக் கருதும்படியும் கேட்கலாம்.

முகவரகம் முறைப்பாட்டைச் சரியாகக் கையாளவில்லை என்று பின்னர் தோன்றினால், ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பியக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். ஒன்றியத்தில் வசிப்பவர் எவரும், குடியுரிமை இல்லாதவராயினும், அவரிடம் முறையிடலாம். முதலில் முகவரகத்திடம் முயன்றிருக்கவேண்டும். விடயம் தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வரவேண்டும். அவர் உறுப்பு நாட்டின் அலுவலகங்களை விசாரிக்கமாட்டார். அதற்கு அந்நாட்டின் குறைகேள் அதிகாரி இருக்கிறார். பதிவேட்டைத் தர மறுத்தால், தனிநபர் தரவுச் சட்டத்தின் கீழ் பெறாமகனைப் பற்றிய தரவின் பிரதியைக் கோருங்கள். வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை.

முறைப்பாட்டுப் படிவம் முகவரகத்தின் இணையதளத்திலும், அது செயற்படும் இடங்களில் அச்சிலும், விண்ணப்பதாரருக்கு விளங்கும் மொழிகளில் கிடைக்கவேண்டும் என்பது விதி. தமிழ்ப் படிவம் வேண்டுமென்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் காத்திராதீர்கள், படிவத்தில் அல்லாமல் சாதாரணக் கடிதமாக எழுதியதையும் அலுவலர் பரிசீலிக்கவேண்டும். நீங்கள் அவருக்காக எழுதுவதாயின், ‘என் சார்பில் என் சிறிய தாயார் முறையிட அனுமதிக்கிறேன்’ என்று பெறாமகன் கையொப்பமிட்டுத் திகதியிட்ட தாளை முறைப்பாட்டுடன் இணையுங்கள். அனுப்பும் எல்லாவற்றிலும் ஒரு பிரதியைச் சட்டத்தரணியின் கோவையில் வைக்கச் சொல்லுங்கள்.